ஏழாவது குழியில் ஐந்து

“இந்தப் பிள்ள அடிக்கிறதப் பாத்தா போன வருசம் வந்த மாதிரியா இருக்கு? ஒம்பது வருசமா இருக்கவங்க கொஞ்சம் பாத்துப் பழகுங்கப்பா!”

புல் வெட்டும் செல்லசாமி யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அந்த கோல்ஃப் கிளப்பில் ஒன்பது வருடமாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்குபவள் ஜெயந்தினி ஒருத்திதான்.

“சும்மா இருங்க மாமா. அக்கா முன்னால நானெல்லாம் ஒரு ஆளா?” என்றாள் பிரேமினி.

அந்தப் பணிவைக் கேட்கத்தான் ஜெயந்தினிக்கு அதிகமாக எரிந்தது.

இலங்கையின் வட்டகொடைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில், ஒன்பது குழிகள் மட்டுமே உள்ள சின்ன கிளப் அது. அங்கே வேலை செய்பவர்கள் மட்டையைப் பிடித்து விளையாட வருடத்தில் ஒரு நாள்தான் அனுமதி. வழக்கமாக ஜெயிப்பவருக்கு ஒரு குடையோ பிளாஸ்கோ கிடைக்கும். இந்த வருடம் வேலையே பரிசு. பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கும் வேலை. மாதச் சம்பளம், நிரந்தரம்.

ஜெயந்தினிக்கு இதுவரை கூப்பிட்டால்தான் வேலை. மழை பெய்தால் அதுவும் இல்லை.

சீட்டுக் குலுக்கியதில் பிரேமினியே அவளுக்கு ஜோடியாக வந்தாள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. தன் அடிகளைத் தானே எழுதக்கூடாது என்பது விதி. அவள் கார்டு இவள் கையில், இவள் கார்டு அவள் கையில். ஆட்டம் முடிந்ததும் அவரவர் கார்டை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறு குழி வரை பிரேமினி ஒரு பிழையும் செய்யவில்லை. ஏழாவதில் பந்து தேயிலைக்குள் போனது.

“ஐயோ, போச்சு! அபராதம் ஒண்ணு சேத்து எனக்கு ஆறுதானேக்கா?”

“ஆமா, ஆறு” என்ற ஜெயந்தினி, கார்டில் ஐந்து என்று எழுதினாள்.

 

கூட்டி எழுதிய கார்டில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கூடிய கணக்கோடு விட்டுவிடுவார்கள். குறைத்து எழுதிய கார்டில் போட்டால் ஆட்டக்காரர் போட்டியிலிருந்தே வெளியே. எழுதியவரை யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு டாக்டர் அப்படித்தான் வெளியே போனார். அன்று அவர் பையைத் தூக்கியவள் ஜெயந்தினி. பிரேமினி அப்போது வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை.

“என்னக்கா, பேசவே மாட்டேங்கிறீங்க? தோட்டத்துப் பெரட்டுக் களத்துல ஆள் எண்ணுற கங்காணி மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க” என்று சிரித்தாள் பிரேமினி.

“ஒன் ஆட்டத்தப் பாரு.”

கடைசிக் குழியில் ஜெயந்தினியின் பந்து மணலில் புதைந்தது. அடித்தாள், வரவில்லை. மறுபடி அடித்தாள். பிரேமினியின் அடிகளையே எண்ணிக்கொண்டு வந்ததில் தன் கணக்கு அவளுக்கு நினைவில்லை.

மேசையில் கிளப் கேப்டன் தம்பிஐயா உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

“வடிவாப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ, பிள்ளையள்.”

“அக்கா எழுதினத நா சரி பாக்கவா, ஐயா?” பிரேமினி கார்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அவள் பேனாவையே பார்த்துக்கொண்டு ஜெயந்தினியும் தன் கார்டில் போட்டாள். இரண்டு கார்டும் கேப்டன் கைக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

“ஐயா, ஒரு தப்பு நடந்திருச்சு. ஏழாவதுல இவளுக்கு ஆறு. நா கை மறதியா அஞ்சுன்னு எழுதிட்டேன்.”

தம்பிஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, உமக்கு ஏழாவதிலை எத்தினை?”

“ஆறுதான், ஐயா” என்றாள் பிரேமினி.

“அப்ப நீர் வெளியிலை. எழுதினது ஆரெண்டு நான் கேக்கேல்லை. குறைஞ்ச கணக்கிலை கையெழுத்து வச்சது நீர். இதுதான் சட்டம்.”

பிரேமினியின் முகம் வெளுத்தது. ஜெயந்தினியைப் பார்த்தாள். கேப்டன் கையிலிருந்த கார்டுகளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

எல்லாக் கார்டுகளையும் கூட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. இன்னொரு ஜோடியில் ஆடிய சுதாகரனுக்கு நாற்பத்தொன்பது. ஜெயந்தினிக்கு நாற்பத்தெட்டு. ஒரே அடியில் வேலை அவளுக்கு.

செல்லசாமிதான் பெரிதாகக் கை தட்டினார். “பாத்தீங்களா, ஒம்பது வருசம் சும்மாவா?”

பிரேமினி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று ஜெயந்தினி நினைத்தாள். அதற்கான பதிலும் தயாராக இருந்தது. ஆனால் பிரேமினி அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க எனக்காக ஒண்ணு கொறைச்சுப் போட்ட மாதிரிதாங்க்கா, அந்த மணல் குழில ஒங்களுக்கு எட்டு, நா ஏழுன்னு போட்டுட்டேன். இந்த வேலை ஒங்களுக்குத்தான் கெடைக்கணும்னு நெனச்சேன், இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு சத்தியமா தெரியாது. மனசு கேக்காம நீங்க உண்மையச் சொல்லிட்டீங்க. நானும் சொன்னா ஒங்க வேலை போயிருமேன்னுதான் வாயத் தொறக்கல… யாராவது கேட்டா ரெண்டு பேரும் ஏழுன்னே சொல்லுவோம், சரியாக்கா?”