பொத்தான் போடும் கை

திருமுல்லைவாயிலில் சாயங்கால வெயில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கித் துலுக்கானத்தின் மடியில் கிடக்கிறது. கயிறு கட்டிய தகரப் பெட்டி வாசலருகே நிற்கிறது. வாதத்தில் விழுந்த வலக்கையால் அவர் சட்டைப் பொத்தானைப் பிடிக்கிறார், அது நழுவுகிறது. எதிரே மகள் வனஜா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கைகால் முடங்கியவர்களைத் தம் வேலையைத் தாமே செய்யப் பழக்கும் படிப்பு அவளுடையது. பார்க்கலாம், உதவக் கூடாது என்பது அதன் விதி. அதிலேயே மேல்படிப்புக்குப் பம்பாயில் இடம் கிடைத்திருக்கிறது. “பொத்தான் போடச் சொல்லிக் குடுக்க ஒரு படிப்பு. அதுக்கு மேல இன்னொரு படிப்பா? எவன்டி உன் காதுல பூ சுத்துனான்?” என்கிறார். “பேச்ச மாத்தாத நைனா. நீயா போட்டுக்கினாதான் நான் ரயிலு ஏறுவேன். இல்லாங்காட்டி போவல.”

அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பிறகு தினமும் இதே கை இதே பொத்தான்களைப் போட்டுக்கொள்வது அவளுக்குத் தெரியாது. அவள் பம்பாய் போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுக்குரலே இருக்காது. பொத்தான் மறுபடி நழுவுகிறது. வனஜா எழுந்துபோய்ப் பெட்டிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்குகிறாள். முடிச்சு இறுகியிருக்கிறது. சத்தம் வராமல் மூக்கை உறிஞ்சுகிறாள்.

“கயித்த உடு. இங்க பாரு,” என்கிறார் துலுக்கானம்.

அவள் திரும்புகிறாள். கீழ்ப் பொத்தான் ஏறுகிறது, அதற்கு மேலதும் ஏறுகிறது. அவள் முகம் மலர்ந்துகொண்டே வருகிறது. கழுத்துப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. அங்கே வந்ததும் விரல்கள் துளையைத் தொட்டபடி நின்றுவிடுகின்றன.

“அவசரமில்ல நைனா,” என்கிறாள் வனஜா, “மெதுவா போடு.”