கடல்ராஜாவின் வாய் காய்ந்த நாள்

கடலே பார்க்காத ஒரு ஊரில், சந்தைக்கு நடுவே ஒரு நீரூற்றில் கடல்ராஜா ஒருத்தர் நின்றிருந்தார். எல்லாம் பளிங்குக் கல்தான். அவர் ஏறி நிற்க ஒரு பெரிய சிப்பி, அதை இழுக்க ஒரு குதிரை, மொத்தப் பாரத்தையும் முதுகில் தாங்க ஒரு ஆமை. மூன்று பேர் வாயிலிருந்தும் எந்நேரமும் தண்ணீர் பீய்ச்சும். வாய் நிறையத் தண்ணீர் இருந்தால் எப்படிப் பேசுவது? நீரூற்று கட்டின காலம் தொட்டு அவர்களுக்குள் ஒரு பேச்சு கிடையாது.

ஒருநாள் குழாயைச் சுத்தம் செய்யத் தண்ணீரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை.

"ஊர் கூடுறதே என் கிரீடத்தைப் பார்க்கத்தான்," என்றார் ராஜா.

"அட போங்க ராஜா. சிற்பி முதல்ல செதுக்கினது என்னைத்தான். பிடரியைப் பாருங்க, அலை மாதிரியே சுருண்டிருக்கு," என்றது குதிரை.

ஆமை தவியாய்த் தவித்தது. அதன் முதுகில் விரிசல் விட்டிருந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை..."

"அடியில கிடக்கிறவனுக்கு என்னப்பா வார்த்தை? இரு, நாங்க பேசி முடிச்சுக்கிறோம்," என்றார் ராஜா.

"அதுக்குள்ள தண்ணி வந்துரும் ஐயா. என் முதுகுல..."

தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாயும் நிறைந்தன.

சந்தையே ஓடி வந்து கைதட்டியது. "அடேயப்பா, ஆமை முதுகுலயும் புதுசா ஒண்ணு பீய்ச்சுது பாருங்க," என்று ஒருத்தர் காட்டினார்.

ராஜா மெல்ல முன்னால் சாய்ந்தார். நமக்குத்தான் வணக்கம் வைக்கிறார் என்று, ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.