மரத்துப் போகும் வரை

“இவனுக்கெல்லாம் ஊசி எதுக்கு டாக்டரம்மா? சும்மா புடுங்கி விடுங்க. கத்தட்டும்.”

சிறைக்காவலர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பல் டாக்டர் கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்று சொல்வதே தப்பு. இடுக்கி, கண்ணாடி, ஊசி எல்லாம் ஒருமுறை எம்பி விழுந்தன.

“வெளியே போங்க.”

“இல்லம்மா, ஒரு பேச்சுக்கு...”

“வெளியே போய் நில்லுங்கன்னேன். யாருக்கு ஊசி போடணும், யாருக்கு வேண்டாம்னு எனக்குத் தெரியும்.”

காவலருக்கு முகம் தொங்கிவிட்டது. மூன்று வருஷமாக, மாதத்தின் முதல் வியாழக்கிழமை தவறாமல் வருகிற அம்மா. எந்தக் கைதியையும்கூட ஒருநாளும் அதட்டியதில்லை.

கதவைத் திறந்தே வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். தன் பக்க நியாயத்தையும் அங்கிருந்தே சொல்லி வைத்தார்.

“பதினோரு மாசமா வீங்குது, வடியுது, மறுபடி வீங்குது. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கூப்பிட்டா வரமாட்டேம்பான். இன்னிக்கு ரெண்டு பேரா சேர்ந்து இழுத்துட்டு வந்தோம்.”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

அது பழைய சாமான் அறை. நாற்காலியில் தலை சாய்க்கும் பலகையைக் கைதிகளே மரத்தில் செய்து பொருத்தியிருந்தார்கள். இரண்டு சுவர் தாண்டி, கூடத்தில், சபையிலிருந்து வந்த ஊழியக் குழு பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் பாடுவார்கள், பாஸ்டர் பேசுவார், டாக்டர் பல் பிடுங்குவார். அப்படித்தான் ஏற்பாடு.

டாக்டரைப் பற்றிச் சபையில் பேசாத ஞாயிறு குறைவு. அவ்வளவு நடந்த பிறகும் எப்பேர்ப்பட்ட மனசு, எப்பேர்ப்பட்ட ஊழியம் என்பார்கள்.

கேட்கக் கேட்க அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தலையைக் குனிந்துகொள்வார். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

நாற்காலியில் இருந்தவன் கண்ணை இறுக மூடியிருந்தான். இடது கன்னம் ஒரு பந்து அளவுக்கு வீங்கியிருந்தது.

“வாயைத் திற.”

திறந்தான். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். வேரில் சீழ். கண்ணாடியை உள்ளே விடும் முன்பே அவன் கால்விரல்கள் மடங்கிக்கொண்டன.

இந்தப் பல்லை ஊசி இல்லாமல் பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். படிப்பில் தெரிந்துகொண்டது அல்ல. மூன்று வருஷமாக, தூக்கம் வராமல் புரளும்போதெல்லாம் நினைத்து நினைத்துப் பார்த்தது.

காவலர்மேல் கோபம் வந்தது அதனால்தான். தன் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்.

இவன் லாரி ஓட்டியவன். குடித்திருந்தான். இடித்த பிறகு நிறுத்தவும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த டாக்டரின் ஒன்பது வயது மகளை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தின வாரம் தன் கையால் போட்ட பல் அடைப்பை வைத்துத்தான் அவர் அடையாளம் சொன்னார்.

பதினான்கு வாய்தா. பதினான்கு தடவையும் நீதிமன்றத்தில் இவன் பிடரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தண்டனை வந்தது. இவனை எந்தச் சிறைக்குக் கொண்டுபோனார்கள் என்று விசாரித்தார். அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று, அந்தச் சிறையில் ஊழியம் செய்ய ஆசை என்றார். எல்லோரும் அழுதார்கள்.

என்றைக்காவது இவனுக்கும் பல் வலிக்கும். அன்றைக்கு ஊசி மருந்து தீர்ந்துபோயிருக்கும். அவ்வளவுதான் அவர் திட்டம்.

அதற்காக ஜெபம்கூடப் பண்ணியிருக்கிறார். வேறு எதற்கும் பதில் வரவில்லை. இதற்கு வந்திருக்கிறது, வாயைத் திறந்துகொண்டு.

இடுக்கியைத்தான் எடுக்கப் போனார். கை ஊசியை எடுத்தது.

மூன்று வருஷம், நானூறு ஐந்நூறு வாய். திருடன், கொலைகாரன், பொய் வழக்கில் வந்தவன், எல்லாருக்கும் முதலில் ஊசி, பிறகு இடுக்கி. கை அப்படியே பழகிவிட்டிருந்தது. ஜெபத்தில் கேட்டதைக் கொடுத்தவர், இவர் கையை மாற்றி வைத்திருக்கிறார்.

“நல்லா இருக்கு உம்ம வேலை,” என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து, நாற்காலியில் இருந்தவன் நடுங்கினான். டாக்டர் சொன்னது கர்த்தரிடம்.

ஊசி போட்டார். காத்திருந்தார். உதடு மரத்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். சீழ் வைத்த பல்லுக்கு ஒரு ஊசி சில சமயம் பிடிக்காது. அந்த ஒரு ஊசியோடு பிடுங்க ஆரம்பித்திருந்தால் கேட்க யாரும் இல்லை.

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அத்தனையும் ஆத்திரம். இரண்டாவது ஊசியையும் போட்டார்.

பல் வேரோடு வந்தது. அவன் முனகக்கூட இல்லை.

பஞ்சு வைத்ததும் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். நீதிமன்றத்தில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மரத்த வாயைக் கோணிக்கொண்டு, என்னவோ சொல்வதற்காகப் பஞ்சை எடுக்கப் போனான்.

டாக்டர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

“கடி. அரை மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

எல்லாருக்கும் சொல்கிறதுதான். ஆனால் இவன் மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? கொடுக்க அவரிடம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இனி முடியாது.

காவலரைக் கூப்பிட்டு, அவனைக் கூட்டிப் போகச் சொன்னார்.

பிறகு அவனுடைய மருத்துவ அட்டையை எடுத்து, அடுத்த மாதம் முதல் வியாழன் மறுபடி வர வேண்டும் என்று எழுதினார். அன்றைக்கு அவன் வாயில் பஞ்சு இருக்காது. அழுத்தி எழுதியதில் அட்டை கிழிந்தது.

பல் பிடுங்கிய யாரையும் அவர் மறுபடி வரச் சொன்னதில்லை.