தகுதிக்கு மீறிய மட்டை

“தப்பா நினைக்காதீங்க சார். இந்த செட் உங்களுக்கு வேணாம்” என்றார் கோல்ஃப் கடைக்காரர்.

“ஏன்?”

“இது பெரிய போட்டியில ஆடறவங்களுக்கு. மட்டையோட முகம் சின்னது. நட்டநடுவுல படலேன்னா பந்து எங்கேயோ போயிடும். நீங்க வாரத்துக்கு ஒருநாள் ஆடறவர். அந்த அகலத் தலை செட்தான் உங்களுக்குச் சரி. கொஞ்சம் முன்னேபின்னே அடிச்சாலும் அதுவே சமாளிச்சு நேரா அனுப்பிடும்.”

“நான் இவரை வெச்சுக் குடும்பம் நடத்துற மாதிரி” என்றாள் மனைவி.

கடைக்காரர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

அடித்துப் பார்ப்பதற்காகக் கடையின் கோடியில் வலை கட்டியிருந்தார்கள். முதலில் அகலத் தலையை எடுத்து அடித்தார். பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வலையின் நடுவில் போய் விழுந்தன.

“பார்த்தீங்களா!”

“அந்தச் சின்ன முகத்தைக் குடுங்க.”

இப்போது முதல் பந்து வலையின் ஓரத்தில் உரசியது. அடுத்தது தரையோடு உருண்டு மனைவியின் காலடியில் வந்து நின்றது. அதற்கடுத்த அடியில் பந்தைவிட அவர் கைதான் அதிகம் அதிர்ந்தது. உதறிக்கொண்டார்.

“இதையே கட்டிடுங்க.”

கடைக்காரர் அவர் மனைவியைப் பார்த்தார்.

“ஆடத் தெரியாதவளுக்குத் தெருக் கோணல்னு கேள்விப்பட்டிருக்கேன். காசு குடுத்துக் கோணலை வாங்குறவரை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றாள் அவள்.

கடைக்காரர் செட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் கணவரை ஓரமாக இழுத்தாள்.

“யாருக்குங்க இந்தப் பகட்டு? உங்ககூட ஆடறது உங்க அண்ணன் ஒருத்தர்தான். உங்க அண்ணி தவறினதுக்கப்புறம் அவர் வீட்டைவிட்டு வெளியில வர்றதே ஞாயித்துக்கிழமை இந்த ஆட்டத்துக்குத்தான். தோள்பட்டை ஆபரேஷன் ஆனதிலேர்ந்து வாராவாரம் தோத்துக்கிட்டே இருக்கார். ‘இனிமே நான் வரல, வேற ஆளைப் பார்த்துக்கோ’ன்னு போன வாரம் சொன்னாரா இல்லையா?”

“சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு மாசம்னு ஒத்துக்க வெச்சிருக்கேன்.”

“அந்த மனுஷன் முன்னாடி சாம்பியன் செட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் நிக்கப்போறீங்க. வெந்த புண்ணுல வேல்! அவர் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்துட்டா அப்புறம் யார் போய்த் திறக்கிறது?”

அவர் பர்ஸை எடுத்தார்.

பையை ஒப்படைக்கும்போது கடைக்காரர் ஆறுதலாகச் சொன்னார். “கவலைப்படாதீங்க மேடம். தினமும் வந்து பயிற்சி எடுத்தார்னா ஒரு வருஷத்துல கைக்குப் பழகிடும்.”

கணவர் சட்டென்று நிமிர்ந்தார். “பயிற்சி எடுக்கலேன்னா?”

“எடுக்கலேன்னா பழகவே பழகாது சார்.”

“சரி” என்றார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

காரின் பின்பக்கம் பையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவி இன்னும் விடவில்லை.

“ஒரு தடவையாவது அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து ஆடணும்னு தோணிச்சா உங்களுக்கு?”

“தோணிச்சு. குழிக்குப் பக்கத்துல இருந்த பந்தை வேணும்னே தள்ளி அடிச்சேன். சின்ன வயசுலேர்ந்து என் ஆட்டத்தைப் பார்க்கிறவர், உடனே கண்டுபிடிச்சுட்டார். ‘எனக்கு நீ பிச்சை போடறியா’ன்னு கேட்டார். அன்னிக்குத்தான் இனிமே வரலேன்னு சொன்னார்.”

மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

“இந்த செட்டைப் பார்த்தா அவரும் உன்னை மாதிரிதான் நினைப்பார், தம்பிக்குத் தலைக்கனம்னு. நினைச்சுட்டுப் போகட்டும்.” வண்டியைக் கிளப்பினார். “இதுல நான் விட்டுக்கொடுக்கவே வேணாம். உயிரைக் குடுத்து ஆடினாலும் தோத்துடுவேன்.”