பழுத்துப்போன பலா

பலா மரத்தில் பிஞ்சு விட்டதை முதலில் பார்த்தது கட்டைவால் அணில்தான். அன்றே அதை இரண்டு வேர்க்கடலைக்கு விற்றது. வாங்குகிறவர் தன் வால் முடி ஒன்றைக் காம்பில் சுற்றிவிட்டால் காய் அவருடையது என்பது அணில்களின் வழக்கம்.

காய் தினமும் பெருத்தது. விலையும் கூடவே பெருத்தது. இன்று வாங்கிய அணில் நாளை விற்றது. யாருக்கும் நஷ்டமில்லை. காம்பே தெரியாத அளவுக்கு முடி சேர்ந்துவிட்டது.

கட்டைவாலுக்கு வயிறு எரிந்தது. மழைக்காலத்துக்கென்று பொந்தில் வைத்திருந்த நூறு கடலையையும் கிழக்குக் கிளை அணிலிடம் கொடுத்து, தான் விற்ற காயைத் தானே திரும்ப வாங்கியது.

மறுநாள் காய் பழுத்துவிட்டது. தோப்பெல்லாம் மணந்தது. கட்டைவால் நூற்றிருபது என்று கூவியது. பிறகு ஐம்பது என்றது. சாயங்காலம் ஐந்துக்கு இறங்கியும் ஒருவரும் வரவில்லை.

"கல்லு மாதிரி இருந்தப்ப நூறு கொடுத்தேனே. இப்ப பழமே ஆயிடுச்சு, ஏன் யாருக்கும் வேண்டாம்?" என்று கிழக்குக் கிளை அணிலைக் கேட்டது.

"இனிமே பெருக்காதுன்னு பேசிக்கிறாங்க அண்ணே. எனக்கும் சரியாப் புரியல. எல்லாரும் வேண்டாம்னாங்க, நானும் வேண்டாம்னுட்டேன்."

மேல்கிளையில் இருந்த மைனா எட்டிப் பார்த்தது. "காலையிலிருந்து பட்டினியாக் கிடக்கிறீங்களே, பழத்தைத் தின்னுட வேண்டியதுதானே?"

கட்டைவால் பழத்தையும் மைனாவையும் மாறி மாறிப் பார்த்தது.

"தின்னுட்டா, அப்புறம் எதை விக்கிறது?"