தொட்ட சுறா

காசிமேட்டு மீன் சந்தையின் ஈரத் தரையில் கால் வழுக்கிய சிவசைலம், விழாமலிருக்கக் கையை ஊன்றியது ஓர் ஆள் நீளச் சுறாவின் முதுகில்.

“தொட்டுட்ட இல்ல, எடுத்துகினு போ சார்,” என்றாள் மீன்காரி தேசம்மா.

“அம்மா, நான் முட்டைகூடச் சாப்பிடமாட்டேன். நண்பருக்குத் துணையா வந்தேன்.”

“துன்னு, துன்னாத போ. தொட்டது தொட்டதுதான்.”

“தெரியாம கை பட்டுடுச்சும்மா!”

“தெரிஞ்சு பட்டுச்சா, தெரியாம பட்டுச்சான்னு கையையா கேக்க முடியும்?”

கூட்டம் கூடிவிட்டது. கூட வந்த நண்பரும் கூட்டத்தோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தார். சிவசைலத்துக்குத் திடீரென்று ஒரு வழி தோன்றியது.

“சுறா கோணலா கிடந்துச்சு. நேரா வைக்கத்தான் தொட்டேன்!”

“அத தொடறதுக்கு முன்னாடி சொல்லிருக்கணும்.”

தன் வாயிலேயே அடிக்கடி வருகிற வாக்கியம்போல் இருந்தது அவருக்கு. ஆனாலும் கத்தினார். “இது எந்த ஊர்ச் சட்டம்?”

“நீ சொன்ன சட்டம்தான். ஏய் யாமினி, எய்ந்து வா.”

ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து தேசம்மாவின் மகள் எழுந்தாள். நேற்று திருவொற்றியூரில் நடந்த இளையோர் செஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில், தும்மிய வேகத்தில் ராணி மேல் கைபட்டு, ‘தொட்ட காயை நகர்த்தியே ஆகணும்’ என்ற நடுவரின் பிடிவாதத்தால் அதையே நகர்த்தி, கைக்கு வந்த கோப்பையைப் பறிகொடுத்தவள். அந்த நடுவர் சிவசைலம்.

அவர் சுறாவைப் பார்த்தார். சுறா அவரைப் பார்த்தது.

யாமினி பணிவாகச் சொன்னாள்: “சீக்கிரம் தூக்குங்க சார். உங்க டைம் ஓடிகினு கீது.”