கழற்றிய சீட்

மனைவி இறந்தபின் அவருக்கு எல்லாமே அந்த ஸ்போர்ட்ஸ் கார்தான். வேகத்துக்காகப் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவள் உட்காரும் சீட்டையும் கழற்றினார். "உங்க காருக்கு நான்தான் பாரமா?" என்று அவள் முன்பு கேலி செய்ததுண்டு.

பட்டறையில் மெக்கானிக் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எடை மிஷினை வைத்துப் பார்த்தான்.

"சீட்டை எடுத்தும் அந்தப் பக்கம் எடை கூடியிருக்கே சார்? யாரோ உக்காந்திருக்கிற மாதிரி காட்டுது."

"மிஷின் பழுதா இருக்கும்."

"இப்பத்தான் சார் புதுசா வாங்கினேன்."

அவர் கதவைத் திறந்தார். சீட் இருந்த இடத்தில் வெறும் தகரம். சுருண்டு கிடக்க வேண்டிய பெல்ட் மட்டும் இழுபட்டு, ஒரு மார்பைச் சுற்றியதுபோல் அந்தரத்தில் வளைந்து நின்றது.

கதவை மெல்லச் சாத்தினார்.

"சீட்டைத் திரும்ப மாட்டிடுங்க. கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்க, அவளுக்குக் கால் எட்டாது."